எச்சரிக்கைக் கூண்டு – 11: கரையைக் கடந்த பிறகு

சென்ற வாரம் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவில் நிறுத்தியிருந்தோம். நாள் முழுக்கத் தொலைக்காட்சித் திரைகளில் சுழன்றுகொண்டிருந்த ஃபெஞ்சல் புயல், இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையே புதுச்சேரி அருகே கரையேறியது. காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசியது, இடையிடையே 90 கி.மீ. சென்னை விமான நிலையம் மூடிக் கிடந்தது. கடற்கரைகளில் மழைக்கோட்டோடு மைக் பிடித்து நின்ற நிருபர்கள் "புயல் முழுமையாகக் கரையைக் கடந்தது" என்று சொல்லிவிட்டு வேனுக்குள் ஏறினார்கள்.

புயல் கரையைக் கடந்தால் கண்டம் கழிந்தது என்றுதான் நாம் தலைமுறை தலைமுறையாக நினைத்துவருகிறோம். இந்தத் தொடரின் முதல் வாரங்களில் பார்த்த தனுஷ்கோடி அந்த நினைப்பை நமக்குள் ஆழமாக ஊன்றிவிட்டது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயிலைக் கடல் எழும்பி வந்து விழுங்கியது. அன்று முதல் தமிழர் மனத்தில் புயல் என்றால் கடல், அலை, மீனவர் குப்பம், துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு. இந்தப் படத்தில் மலை இல்லை.

ஃபெஞ்சல் கரையேறிய இடத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே, திருவண்ணாமலையில் வேறொரு பரபரப்பு. கார்த்திகை தீபத் திருவிழாவின் கொடியேற்றம் டிசம்பர் 4. மலை உச்சியில் தீபம் ஏற்றும் நாள் டிசம்பர் 13. பந்தல் போடுகிறவர்கள், கடை பிடிக்கிறவர்கள், கிரிவலப் பாதையைச் சீர்செய்கிறவர்கள் என்று ஊர் முழுக்க வேலை. அடைமழைக் காலத்தில் மழை பெய்யாமல் இருக்குமா என்பதுதான் பொதுவான பேச்சு. திருவண்ணாமலை உட்பட வட மாவட்டங்களுக்கு மழை எச்சரிக்கை கொடுக்கப்பட்டுத்தான் இருந்தது. அந்த எச்சரிக்கை மலையடிவாரத் தெருவில் குடியிருக்கிற ஒருவருக்கு என்ன பொருள் தந்தது என்பதே இந்த வாரத்துக் கதை.

*

மக்கள் ஏன் முழு மனதோடு காது கொடுக்கவில்லை என்பதற்கு ஃபெஞ்சலின் முந்தைய நான்கு நாட்களும் ஒரு காரணம்.

நவம்பர் 26-ஆம் தேதி அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆனது. மறுநாள் புயலாகும் என்று எதிர்பார்த்தார்கள், ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி ஆமை வேகத்தில் நகர்ந்தது. 28-ஆம் தேதி, வலுக் குறைந்த நிலையிலேயே கரையைக் கடக்கலாம் என்று கணிப்பு மாறியது. 29-ஆம் தேதி பிற்பகல் இரண்டரை மணிக்கு அது புயலாகவே மாறிவிட்டது. சவூதி அரேபியா கொடுத்திருந்த பெயரும் சூட்டப்பட்டது. தேநீர்க் கடையில் நாளிதழ் புரட்டுகிறவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? புயல் என்றார்கள், இல்லை என்றார்கள், மறுபடி புயல் என்கிறார்கள். இவர்கள் பேச்சை நம்பி எங்கே போவது?

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நுங்கம்பாக்கம் வானிலை மையத்து விஞ்ஞானிகள் மீதும் வரவில்லை. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறினால் புயலின் தூண் நிமிர்ந்து நிற்காது. வறண்ட காற்று உள்ளே புகுந்தால் மேகம் கலையும். இரண்டும் மணிக்கு மணி மாறக்கூடியவை. மாறும்போது கணிப்பை மாற்றாமல் இருப்பதுதான் குற்றம். இன்று ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் பாதைக் கணிப்பு சராசரியாக நூறு கிலோமீட்டருக்கும் குறைவாகவே பிசகுகிறது. 1964-இல் இருந்தவர்களுக்கு இது கனவு. செயற்கைக்கோளும், சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் சுழலும் டாப்ளர் ரேடாரும், காரைக்கால் ரேடாரும் கொடுத்த வரம் அது.

ஆனால் கணிப்பு ஏன் மாறியது என்று அந்தத் தேநீர்க் கடை வாசகருக்கு யார் சொன்னார்கள்? ஒரு காலத்தில் வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் சொன்னார். "கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில்" என்று நிதானமாகத் தொடங்கும் அவருடைய குரலுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் டி.வி. முன் உட்கார்ந்திருப்பார்கள். 2016-இல் அவர் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே, 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானை லட்சக்கணக்கானோர் பின்தொடரத் தொடங்கியிருந்தார்கள். எப்போது மழை வரும், எப்போது விடும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று அவர் பேச்சுத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். இருவருக்கும் மக்கள் செவிசாய்த்ததற்குக் காரணம் ஒன்றே: பழகிய முகம், பழகிய குரல். எச்சரிக்கை என்பது பாதி அறிவியல், மீதி நம்பிக்கை.

*

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகை அமாவாசை. பள்ளி விடுமுறை, பிள்ளைகள் வீட்டில்.

கரையேறிய புயல் வழக்கமாகத் தரைமேல் ஓடி, சில மணி நேரத்தில் களைத்துப் போகும். ஃபெஞ்சல் ஓடவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றது. புயலுக்குச் சொந்தக் கால் கிடையாது. அதைச் சுற்றியுள்ள பெருங்காற்றோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். அன்று தள்ளும் காற்றெல்லாம் வலுவிழந்து, ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொண்டிருந்தன. நின்ற இடத்திலிருந்தே அது வங்கக் கடலின் ஈரத்தை இழுத்து இழுத்துக் கொட்டியது.

மழை அளப்பதில் ஒரு நடைமுறை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் அன்றைய நாளின் அவசரம் விளங்கும். தாலுகா அலுவலக வளாகம் போன்ற இடங்களில் மழைமானி இருக்கும். உருளை வடிவக் கலம், மேலே புனல், உள்ளே நீர் சேரும் குடுவை. தினமும் காலை எட்டரை மணிக்கு ஊழியர் ஒருவர் வந்து, குடுவை நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்து ஏட்டில் எழுதுவார். முந்தைய நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை பெய்தது அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கும். தானியங்கி மானிகள் வந்த பிறகும் ஊர் ஊராகச் செய்தித்தாளில் வரும் பட்டியலுக்கு இந்த எட்டரை மணிதான் கணக்கு.

அந்த ஞாயிறு காலை எட்டரைக்கு வந்த எண்கள் வானிலைக்காரர்களையே திகைக்கவைத்தன. புதுச்சேரியில் 45 செ.மீ.க்கும் மேல். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 50 செ.மீ. சில ஊர்களில் ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் இறங்கியிருந்தது.

நம் எச்சரிக்கை முறையின் ஒரு பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஆறரை செ.மீ. தொட்டால் கனமழை. பதினொன்றரையைத் தாண்டினால் மிகக் கனமழை. இருபதரையை எட்டினால் அதி கனமழை; பெரும்பாலும் அதற்குத்தான் சிவப்பு. அதற்கு மேல் படியே இல்லை. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 50 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை. முதலாவதில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இரண்டாவதில் ஏரி உடையும், பாலம் போகும், மலை சரியும். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே சொல். வருடத்துக்குப் பலமுறை சிவப்பைப் பார்த்துப் பழகியவர் இந்தச் சிவப்பு வேறு மாதிரி என்று எப்படி அறிவார்?

அன்று காலை ஒன்பது மணிக்கு இந்த எண்கள் கையில் இருந்தன. புயலின் மிச்சம் மெல்ல மேற்கே நகரும் என்பதும் தெரிந்திருந்தது. மேற்கே என்ன இருக்கிறது? செஞ்சிக் குன்றுகள், அண்ணாமலை, அதற்கப்பால் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை. ஈரக் காற்று மலையில் மோதினால் மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். பள்ளிப் புத்தகத்தில் உள்ள பாடம்தான்.

*

நுங்கம்பாக்கம் அறிக்கை ஒன்று மலையடிவாரத் தெருவை எப்படி வந்தடைகிறது என்று பார்ப்போம்.

மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் அந்த வளாகத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வானாய்வகம் கட்டியது. கருவி நிறுத்தியிருந்த கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்தார்கள். அந்தத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த வளாகத்திலிருந்து கிளம்பும் அறிக்கை, சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கிருந்து மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று படி இறங்கும். முன்பெல்லாம் கடைசிப் படியில் தண்டோரா இருந்தது. பறையடிப்பவரை இழிவாக நடத்தும் வழக்கம் அதில் கலந்திருந்ததால், 2022-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு அதை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்கு எழுதினார். நியாயமான முடிவு. இப்போது ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, கைபேசிக் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் குழு.

ஒவ்வொரு படியிலும் செய்தி சேதமில்லாமல் இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். கடைசியில் தெருவில் ஒலிக்கும் வாசகம் என்ன? "கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதால் பொதுமக்கள் தேவையின்றி வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம்."

சென்னைக்கு இது சரியான அறிவுரை. மின்கம்பி அறுந்து கிடக்கும் தெருவில் நடமாடாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். மலைச்சரிவில் ஒட்டிக் கட்டிய வீட்டுக்கு இதுவே எமன். அங்கே சொல்ல வேண்டியது நேர் எதிர்: இருட்டுவதற்கு முன் வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், சோறும் பாயும் அங்கே இருக்கிறது. நாகையிலும் கடலூரிலும் கடலோரக் குப்பங்களுக்கு இப்படிச் சொல்லும் பழக்கம் உண்டு. எந்தக் கட்டடம் தங்களுக்கான புயல் பாதுகாப்பு மையம் என்று அங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். கோயில் நகரத்தின் மலையடிவாரத்தில் அப்படி ஒரு பழக்கம் உருவாகவே இல்லை. உருவாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

ஏனென்றால் அண்ணாமலை அசையும் என்று நினைத்தவர் யார்? சிவனே மலையாக நிற்கிறார் என்று வழிபடும் ஊர் அது. 2,668 அடி உயரம். பதினான்கு கிலோமீட்டர் சுற்றளவில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் வலம் வரும் மலை. நிலைபேற்றுக்கு உவமை சொல்ல வேண்டுமானால் அந்த ஊர்க்காரர் அதைத்தான் சொல்வார்.

மலையின் மேனி முழுக்க ஒரே பாறை இல்லை. பெரிதும் சிறிதுமான உருண்டைப் பாறைகள் மண்ணில் புதைந்தும் பாதி தெரிந்தும் கிடக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது இடையிலுள்ள மண்ணும் வேரும். மண் ஓரளவு நனைந்தால் இறுகும். அளவுக்கு மேல் நனைந்தால் துகள்களுக்கு நடுவே நீர் புகுந்து ஒன்றை ஒன்று விலக்கிவிடும். அப்போது பிடிமானம் போய், பாறையின் எடையே அதைக் கீழே இழுக்கும். அடிவாரத்தில் வீடு கட்டுவதற்காகச் சரிவை வெட்டியிருந்தால், தாங்கிநின்ற காலையும் எடுத்துவிட்டோம் என்று பொருள்.

ஓயாமல் பெய்த மழையில் அண்ணாமலையின் மண் அந்த எல்லையை நெருங்கியிருந்தது. அதை அளக்கும் கருவி எதுவும் அங்கே இல்லை.

*

அன்று மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகர் பதினோராவது தெருவுக்கு மேலே மலை சரிந்தது.

பாறைகளும் சேறும் ஒன்றாக உருண்டு வந்து அடிவாரத்து வீடுகள் மீது விழுந்தன. ஒரு வீடு முழுவதுமாகப் புதைந்தது. உள்ளே கணவன், மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூவரும் அந்த நேரம் அங்கே இருந்தார்கள். மொத்தம் ஏழு பேர், அதில் ஐவர் சிறுவர் சிறுமியர்.

அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் முகாமிட்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்குத் தகவல் போனது. வழியெல்லாம் வெள்ளம். அவர்கள் வந்து சேர்ந்த பிறகும் வேலை எளிதாக இல்லை. குறுகலான சந்து, பெரிய இயந்திரத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. மேலே இன்னும் பாறைகள் தொங்கிக்கொண்டிருந்தன, மழையும் விடவில்லை. மோப்ப நாய்கள் காட்டிய இடத்தில் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள்.

ஏழு உயிர்களின் கதியை அடுத்த வாரத்துக்கென்று நிறுத்திவைக்க என் மனம் ஒப்பவில்லை. யாரும் பிழைக்கவில்லை. டிசம்பர் 2 மாலை முதல் உடல்கள் கிடைக்கத் தொடங்கின; 3-ஆம் தேதி கடைசி உடலையும் எடுத்தார்கள். மறுநாள் கோயிலில் கொடி ஏறியது.

இந்த இடத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2024 ஜூலை 19. அன்று கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வு மையம், தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. மழைக் கணிப்பையும் சரிவு வரைபடத்தையும் சேர்த்து, எந்தப் பகுதியில் மண் சரியக்கூடும் என்று அன்றன்று சொல்லும் ஏற்பாடு. தொடங்கிய பதினோராவது நாள் வயநாட்டில் நிலச்சரிவு. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மையம் முதலில் எடுத்துக்கொண்ட இடங்கள் மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங், காலிம்போங், தமிழ்நாட்டில் நீலகிரி. நீலகிரிக்குக் கிடைக்கும் அறிக்கை திருவண்ணாமலைக்கு இல்லை. ஊட்டி சரியும் என்பதை நாம் அறிவோம், 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்து அறிந்துகொண்டோம். சமவெளியில் தனித்து நிற்கும் கோயில் மலைகளின் அடியில் குடியிருப்போரை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் ஏழு பேர் போன பிறகுதான் வந்தது.

மலையடிவாரத்தில் வீடுள்ள வாசகர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நாள்கணக்கில் மழை பெய்யும்போது, மலையிலிருந்து வரும் ஓடை திடீரென்று செம்மண் நிறமானாலோ, நன்றாக ஓடிய நீர் சட்டென்று நின்றாலோ, சுவரிலும் தரையிலும் புது விரிசல் கண்டாலோ, மரமும் மின்கம்பமும் சாய்ந்தாலோ, மேலே கல் உருளும் சத்தம் கேட்டாலோ, அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரிவுக்குக் குறுக்காக விலகி நடந்துவிடுங்கள். பிறகு 1077-க்குச் சொல்லுங்கள். அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண். மாநிலத்துக்கு 1070.

*

இப்போது ஞாயிறு இரவுக்கே திரும்புவோம். மாவட்ட நிர்வாகத்தின் கண் முழுவதும் வ.உ.சி. நகரில் இருந்தது. மாநிலத்தின் கண்ணும் அங்கேதான்.

அந்த நேரத்தில் புயலின் மிச்சம் அண்ணாமலையைத் தாண்டி மேற்கே போயிருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே, புயல் என்ற பேச்சே ஓய்ந்துவிட்ட இடத்தில், மறுநாள் காலை எட்டரை மணிக்கு மழைமானி காட்டப்போகும் எண் 50 செ.மீ. மயிலத்தில் பெய்த அதே அளவு.

ஊத்தங்கரை நீர் பாம்பாற்றில் சேரும். பாம்பாறு தென்பெண்ணையில் கலக்கும். தென்பெண்ணை நேராக வந்து நிற்கும் இடம், திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை. அதன் முழு உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடி வீதம் நீர் வந்தால் காலியான அணைகூடப் பதினான்கு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அன்று அணை காலியாக இல்லை, ஏறக்குறைய நிறைந்திருந்தது. அணைக்குக் கீழே திருக்கோவிலூர், விழுப்புரம், கடலூர் வரை ஆற்றின் இரு கரையிலும் ஊர்கள்.

ஐந்து முறை எச்சரித்தோம் என்று பின்னாளில் அரசு சொன்னது. எங்களுக்கு எதுவும் வரவில்லை என்று ஆற்றோர மக்கள் சொன்னார்கள். இருவர் பேச்சையும் அடுத்த வாரம் மணிவாரியாக வைத்துப் பார்ப்போம்.

டிசம்பர் 2, திங்கட்கிழமை அதிகாலை மூன்று மணிக்குள் சாத்தனூர் அணையிலிருந்து வெளியேறிய நீர் நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியிருந்தது.

(தொடரும்)